புதிதாய்க் குடிவந்தவர்

திருவிழாக் காண வரும் மெய்யன்பர்கள் மதுரையிலிருந்து மேலூர் நெடுஞ்சாலை வழியே ஒத்தக்கடையை நெருங்கும்போது, முதலில் அவர்தம் கண்ணுக்குப் புலப்படுவது யானைமலை. துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் பெருங்களிறு ஒன்றைக் கல்லாக்கி வைத்தாற்போல் அம்மலை கிடக்கிறது. பேருந்தில் வரும் குழந்தைகளுக்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. "அதோ யானை!" என்று அவர்களே கூவுவர். அடுத்த நொடியில், "அது எப்ப எந்திரிக்கும்?" என்ற வினாவும் பிறக்கும். பெரியவர்கள் சிரிப்பார்கள். கேட்ட குழந்தை சிரிப்பதில்லை. எழுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று அது கணக்கிட்டுக்கொண்டிருக்கும்.

கல்லை யானையாகக் காணும் அந்த மனம், அடுத்த வீட்டில் புதிதாகக் குடிவந்த ஒருவரை என்னவாகக் காணும்? அவ்வாறு காண்பது குற்றமா? இதுவே ஈண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள். திருவிழா மலரில் எழுதுதற்கு இது மிகச் சிறிய வினா என்று அன்பர் சிலர் கருதக்கூடும். ஒரு மனிதரின் மானமும், சில வேளைகளில் உயிருமே, இவ்வினாவைப் பற்றி நிற்கின்றன என்பதைக் கண்டவன் ஆதலால் இதனை எழுதத் துணிந்தேன்.

என் இளமையில் நிகழ்ந்ததை முதலில் கூறிவிடுகிறேன். 1965-இல் இங்கே வேளாண்மைக் கல்லூரி தொடங்கப்பெற்றபின் ஊருக்குப் புதுமுகங்கள் வரத் தொடங்கியிருந்த காலம். எனக்கு ஒன்பது வயதிருக்கும். நரசிங்கம் செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் தெருவின் கோடியில், நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடொன்றில் ஒருவர் வந்து தங்கினார். தனியாள். விடியுமுன் ஒரு குடமும் தோளில் ஒரு காகிதச் சுருளுமாக மலைப்பக்கம் போவார். பொழுது சாய்ந்தபின் திரும்புவார். திரும்பும்போது அவருடைய இரு கைகளும் மணிக்கட்டுவரை கறுத்திருக்கும். இரவில் அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு தமக்குத்தாமே ஏதோ முணுமுணுப்பார். சன்னல் வழியே பார்த்தால், உள்ளே கட்டிய கயிற்றில் கரிய காகிதங்கள் தொங்கும். அவற்றில் வெள்ளைப் புழுக்கள் நெளிவனபோன்று கோடுகள்.

தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கொல்லைச் சுவரின்மேல் ஏறிக்கொண்டு அவரைப் பற்றி ஆராய்ந்தோம். முதல் வாரத்தில் அவர் பாகிஸ்தான் ஒற்றர். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்ததால் அம்முடிவு எங்களுக்கு எளிதாயிற்று. இரண்டாம் வாரத்தில் யானைமலைப் புதையலைத் தேடும் மலையாள மாந்திரீகர். மூன்றாம் வாரத்தில், அவர் கையில் உள்ளது மை என்றும், அது தலைச்சன் பிள்ளையின் மண்டையோட்டிலிருந்து செய்யப்படுவது என்றும் ஒருவன் சொன்னான். அவ்வாறு சொன்னவன் நானே. நான் தலைச்சன் பிள்ளை. எனக்கு நேரவிருந்த ஆபத்தில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது என்பதை இத்தனை வயதில் மறைப்பானேன்! அவர் ஒருமுறை எங்களைக் கூப்பிட்டுக் கடலைமிட்டாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஓடினோம். தின்னலாமா கூடாதா என்று வாதிட்டு, கடைசியில் தின்றோம்.

ஒரு நாள் மாலை எங்கள் தெருவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் காணவில்லை. அவனும் வீட்டுக்குத் தலைச்சன். தேடிக்கொண்டிருந்த பெண்களுள் ஒருவரிடம், என் அப்பத்தாவிடம்தான், நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அதன்பின் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை, அச்சொல்லே நடந்துகொண்டது. அரைமணி நேரத்தில் அந்த ஓட்டு வீட்டின் முன் இருபது முப்பது பேர் நின்றனர். கதவைத் திறந்தவரை ஒருவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். உள்ளே புகுந்தவர்கள் மூலை முடுக்கெல்லாம் தேடினர். தரையில் காயவைத்திருந்த காகிதங்கள் மிதிபட்டுக் கிழிந்தன. அதற்குள் சிறுவன் வைக்கோற்போரின் நிழலில் உறங்கிக்கொண்டிருந்தான் என்ற செய்தி வந்தது. கூட்டம் கலைந்தது. மன்னிப்பு என்று எவரும் வாய்திறந்து கேட்டதாக நினைவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார்.

பத்தாண்டுகள் கழித்தே அவர் யாரென்பது எனக்குப் புலனாயிற்று. மலைச்சரிவில் வேறொருவர் பாறையில் நனைந்த காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டி, மையொற்றியால் ஒற்றி எடுப்பதைக் கண்டேன். பாறையின் எழுத்துப் பள்ளங்களில் காகிதம் அமிழ்ந்துவிடுவதால் அங்கு மை படுவதில்லை. கரிய தாளில் எழுத்துகள் வெள்ளையாகத் தோன்றுகின்றன. கல்வெட்டுக்குப் படியெடுக்கும் முறை அது. நாங்கள் புழுக்கள் என்று கண்டவை வட்டெழுத்துகள். முணுமுணுப்பு, அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தது.

நிற்க. அன்று நான் சொன்னது பொய்யா? பொய்யென்பது ஒன்றை வேறாக அறிந்திருந்தும் மாற்றிச் சொல்வது. நான் வேறாக அறிந்திருக்கவில்லை. ஆயினும் உண்மையென்று உறுதியாக நம்பினேனா என்றால் அதுவும் இல்லை. உண்மையாகவே நம்பியிருப்பின், தலைச்சனாகிய நான் மாலைதோறும் அவ்வீட்டுச் சன்னலுக்கு அருகே போயிருப்பேனோ?

இங்கே எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் அருளிய ஒரு கருத்து நினைவுக்கு வருகிறது. கிளிஞ்சலை வெள்ளியென்று மயங்கும்போது, அம்மயக்க அறிவும் முற்றிலும் பொருளற்றதன்று. கிளிஞ்சலில் வெள்ளியின் கூறு சிறிது உண்டு. அச்சிறு கூறு தோன்றி, மிகுதியாயுள்ள கிளிஞ்சற்கூறு தோன்றாமற் போனதே மயக்கம் என்பது அவர் திருவுள்ளம். யதார்த்தக்யாதி என்று இதனைக் கூறுவர். எங்கள் கதையை அவ்வாறு நோக்கினால் எவ்வளவு தெளிவாகிறது! கையில் மை இருந்தது. முணுமுணுப்பு இருந்தது. விளங்காத எழுத்தும் இருந்தது. இவற்றுள் ஒன்றையும் நாங்கள் இட்டுக்கட்டவில்லை. கூர்ந்து கண்ட சிலவற்றைக்கொண்டு காணாத பலவற்றை நிரப்பிக்கொண்டோம். பிள்ளைகள் கூர்ந்து பார்ப்பவர்கள். பெரியவர்களுள் எவரும் அவர் கை கறுத்திருப்பதைக்கூட அதுவரை கவனித்திருக்கவில்லை.

இந்தக் கற்பனையை முளையிலேயே கிள்ளிவிடவேண்டும் என்பார் உளர். அதற்கு நான் உடன்படேன். வில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும் தன்னை ஆய்ச்சியாகவும் பாவித்த ஒரு சிறுமியை நாம் தெய்வமாகக் கொண்டாடுகிறோம். இல்லாததை உள்ளதுபோற் காணும் ஆற்றல் ஒழிந்த மனத்திற்கு, பிறர் துன்பம் எவ்வாறு தோன்றும்? அதுவும் கண்முன் இல்லாத ஒன்றே அன்றோ.

அமெரிக்க நாட்டு எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்னும் புதினத்தில், வீட்டைவிட்டு வெளியே வாராத பூ ராட்லி என்ற அயலாரைப் பற்றித் தெருப்பிள்ளைகள் கதைகட்டுகின்றனர். அவர் அணிலையும் பூனையையும் பச்சையாகத் தின்பவராம். ஆயினும் அப்பிள்ளைகள் அவ்வீட்டையே சுற்றிச்சுற்றி வருகின்றனர். மரப்பொந்தில் யாரோ வைக்கும் சிறு பரிசுகளை எடுத்துக்கொள்கின்றனர். இறுதியில் அவர்களைக் கொலையாளி ஒருவனிடமிருந்து காப்பவர் அந்த அயலாரே. கடல்கடந்த ஊரிலும் பிள்ளைகளின் இயல்பு அதுவே. அவர்களுடைய அச்சம் அவர்களைக் கதவருகே இழுத்துச் செல்கிறது. பெரியவர்களின் அச்சமோ கையில் தடியை எடுக்கச் சொல்கிறது.

பெரியவர்களும் கதைகட்டுவதுண்டு என்பதற்கு இந்த மலையே சான்று. மதுரையை அழிக்கும்பொருட்டுச் சோழன் ஒருவன் சமண முனிவரைக்கொண்டு வேள்வி செய்வித்தான் என்றும், வேள்வித்தீயினின்று எழுந்த யானையை இறைவன் நரசிங்கக் கணையால் எய்து வீழ்த்தினான் என்றும், அதுவே யானைமலை ஆயிற்றென்றும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும். பெரும்புலவர் வாக்கு, அதன் பக்திச் சுவையில் எனக்குக் குறையில்லை. எனினும் மலை வேறொன்றையும் சொல்கிறது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பு அங்கே குகைத்தளத்தில் துறவியர் தங்கியதைக் குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அக்குன்றை 'இவகுன்றம்' என்கிறது. இவம் என்பது இபம், அஃதாவது யானை என்று அறிஞர் பொருள் கண்டனர். ஆக, வேள்விக் கதை எழுதப்படுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே, அது யானைக்குன்றமே. கல்லைக் கண்டு யானை என்று பெயரிட்ட கற்பனை யாருக்கும் தீங்கு செய்யவில்லை. அந்த யானையை ஏவிவிட்டவர் இன்னார் என்று அயலார்மேல் பழியேற்றியது பின்வந்தோர் கற்பனை.

அந்த அயலார் எப்படி வாழ்ந்தனர்? ஊரோடு சேராமல், குன்றின் உச்சியில், பாறையையே படுக்கையாகக்கொண்டு வாழ்ந்த துறவியர். அடிவாரத்துப் பிள்ளைகள் அவர்களைக் குறித்து என்னென்ன பேசியிருப்பார்களோ! எழுதிவைத்தார் இல்லை. பெரியவர்கள் செய்த ஒன்று மட்டும் கல்லில் நிற்கிறது. கலியாண்டு 3871-இல், அதாவது கி.பி. 770-இல், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி யானைமலைப் பாறையைக் குடைந்து நரசிங்கப் பெருமானுக்குக் கற்றளி எடுத்தார். நீர்தெளிப்பதற்கு முன்பே அவர் மறைய, தம்பி மாறன் எயினன் முகமண்டபமும் செய்து நீர்தெளித்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதே மலையின் வேறொரு பாறையில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி முதலானோர் திருமேனிகள் செதுக்கப்பட்டன. அவற்றின்கீழ் வட்டெழுத்தில், இத்திருமேனிகளைக் காப்பது நரசிங்கமங்கலத்துச் சபையாரின் பொறுப்பு என்ற குறிப்பு உள்ளது. நரசிங்கன் பெயரால் விளங்கிய ஊரின் சபையார், தம் கொள்கைக்குப் புறம்பானோரின் திருமேனிகளுக்குக் காவல் ஏற்றனர். எங்கள் தெருக்கோடிப் பெரியவர் படியெடுத்த காகிதங்களுள் இவ்வரியும் இருந்திருக்கக்கூடும். நாங்கள் மிதித்துக் கிழித்தவற்றுள்ளும் இருந்திருக்கக்கூடும்.

மலையின் மறுபுறத்துக் கொடிக்குளத்திற்கு அன்பர்கள் அவசியம் சென்று வரவேண்டும். ஸம்பிரதாயத்தில் ஜ்யோதிஷ்குடி என்று வழங்குவது அவ்வூரே. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, பிள்ளை லோகாசாரியர் முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு, காட்டுவழியே ஒளிந்து ஒளிந்து இங்கே வந்து சேர்ந்தார். இங்கேயே திருநாட்டுக்கும் எழுந்தருளினார். நம்பெருமாள் பல ஊர்கள் கடந்து மீண்டும் அரங்கம் புகுந்தது 1371-இல். இவ்வரலாற்றை நாம் அரங்கன் பக்கத்திலிருந்தே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஒருமுறை கொடிக்குளத்து ஏழைக் குடியானவன் பக்கத்திலிருந்து எண்ணிப்பாருங்கள். ஊர்பேர் சொல்லாத சிலர் வந்திருக்கின்றனர். அவர்களுள் ஒரு கிழவர். மூடி வைத்திருக்கும் ஏதோ ஒன்றை எவர்க்கும் காட்டுவதில்லை. பகலில் குரலெடுத்துப் பேசுவதில்லை. ஐயுறுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அங்கே ஒரு சிறுவன் சொன்ன சொல்லைக் கேட்டு முப்பது பேர் தடியெடுத்திருப்பின், இன்று திருவரங்கத்தில் நாம் ஸேவிக்கும் திருமேனி என்னவாகியிருக்கும்?

ஐயப்படவே கூடாது என்று சொல்லவரவில்லை. ராமாயணம் அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லார். வால்மீகி பகவான் காட்டும் இரண்டு பிக்ஷு வேடங்களை ஒப்புநோக்குக. பஞ்சவடியில் சந்நியாசி வேடத்தில் வந்தவன் ராவணன்; பிராட்டி அதிதியென்று உபசரித்தாள். ரிச்யமூகத்தின் அடியில் பிக்ஷு வேடத்தில் வந்தவர் அனுமன். வேடம் ஏறக்குறைய ஒன்றுதான், வந்தவர்களோ எத்தகையோர்! மனிதரை வேடத்தால் அறிதல் இயலாது என்பதற்கு இதனினும் வேறு சான்று எதற்கு?

சுக்கிரீவன் செய்ததையும் காண்க. மரவுரியும் வில்லுமாக இருவர் வரக் கண்டதும், வாலி ஏவிய ஆட்கள் என்று முடிவுகட்டி மலைக்கு மலை தாவினான். எங்கள் கொல்லைச் சுவர்க் கூட்டத்திற்கு அவன் தலைவனாக இருக்கத் தக்கவன். ஆனால் அவன் ஒன்றைச் சரியாகச் செய்தான். சென்று பார்த்துப் பேசிவா என்று அனுமனை அனுப்பினான். அனுமனும் போய்த் தடியுயர்த்தாமல், இனிய சொல்லால் நீவிர் யார் என்று வினவினார். அந்த உரையாடலிலிருந்தே கிஷ்கிந்தையின் நல்வாழ்வு முழுவதும் பிறந்தது.

பின்னர் கடற்கரையில் விபீஷணன் வந்து நின்றபோதும் ஐயம் எழுந்தது. ஒற்றனை விட்டு ஆராய்க என்றனர். கேள்விகள் கேட்டுச் சோதிக்க என்றனர். அனுமன் அப்போது கூறியதை நான் பலமுறை எண்ணிப்பார்த்ததுண்டு. வந்த கணத்திலேயே திடீரென்று விசாரணை செய்தால் அறிவுடையவன் மனத்தில் ஐயம் புகும். நல்லெண்ணத்தோடு வந்தவனாயின் அவன் உள்ளம் புண்படும் என்பது அவர் வாதம். விசாரிப்பதும் ஒரு காயம் என்பதை அந்தச் சபையில் உணர்ந்தவர் அவர் ஒருவரே. தாமும் ஒருநாள் அயலூரில் அயலாராய்ப் பிடிபட்டு, வாலில் தீ வைக்கப்பட்டவர் அல்லவா!

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க இயலாதபடி நம் காலத்திலும் நேர்ந்தது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் தங்கள் குலதெய்வத்தை வழிபடக் காரில் புறப்பட்டனர். திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் வழி விசாரிக்க நிறுத்தினர். அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே அம்மாவட்டங்களில் பரவியிருந்த வாரங்கள் அவை. ஊர் திரண்டது. அறுபத்தைந்து வயதுடைய அம்மையார் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார், உடன்வந்தோர் படுகாயமுற்றனர். அவ்வாண்டு நாட்டின் வேறு பல இடங்களிலும் இதே வதந்தியால் உயிர்கள் போயின. ஜூலை மாதத்தில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொணர்ந்தது.

அவர் யாத்திரை வந்தவர். குழந்தைக்கு இனிப்பு கொடுத்தவர். செய்தித்தாளில் அதனைப் படித்த அன்று எனக்குக் கடலைமிட்டாயின் நினைவு வந்தது. வெகுநேரம் தாளை மடிக்கவே தோன்றவில்லை. குழந்தைகளை அச்சுறுத்த நாம் சொல்லும் 'பூச்சாண்டி' என்ற சொல்லுக்கு, நீறு பூசிய ஆண்டி என்று பொருள் கூறுவர் சிலர். அது மெய்யாயின், ஊர் ஊராகக் கோயில் தேடிப்போன பரதேசியையே நாம் பேயுருவாக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டிவந்திருக்கிறோம். மாசியில் திருமோகூர்க் காளமேகப் பெருமாள் இங்கே எழுந்தருளிக் கஜேந்திர மோட்சம் நிகழும் நாளில், கட்டுச்சோற்று மூட்டையோடு பிறர் திண்ணையில் படுத்துறங்கும் நாம் அனைவரும், அத்திண்ணைக்கு உரிய வீட்டுக் குழந்தைக்கு யார்?

பிள்ளை லோகாசாரியர் அபசாரங்களை வகைப்படுத்தும்போது, காரணம் ஏதுமின்றியே பகவானையும் பாகவதரையும் பொறாதிருத்தலை அஸஹ்யாபசாரம் என்று தனியே வைத்தார். ஒன்பது வயதில் நான் செய்தது அதில் சேருமா என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "நீ சொன்னது கதை. கேட்டவர் கதையென்று கேட்டாரா?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். என் அப்பத்தா மீது பழிபோட எனக்கு மனமில்லை. அவள் பேரப்பிள்ளையின் சொல்லை நம்பினாள். நம்பாதிருந்திருக்கலாம், அல்லது நம்பிய கையோடு, என்னையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, தானே முதலில் அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். கூட்டம் சேருமுன் தட்டும் கதவுக்கும், சேர்ந்தபின் தட்டும் கதவுக்கும் வேறுபாடு பெரிது.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்த ஒடிசா மாநிலத்தவர் ஒருவர் மாடி அறையில் குடியேறினார். இரவு பதினொரு மணிக்கு மேல் மொட்டைமாடியில் இருட்டில் உலாவிக்கொண்டு பேசுவார். என் பேரன் மூன்று நாள் ஆராய்ந்துவிட்டு, "தாத்தா, அவர் கூட யாருமே இல்ல. ஆனா யாரோ பதில் சொல்றாங்க" என்றான். பேய் என்று அவன் முடிவுகட்டியிருந்தான். அவனைத் திருத்த நான் முற்படவில்லை. கோயிலிலிருந்து வந்த புளியோதரைத் தொன்னையை அவன் கையில் கொடுத்து, மாடிப்படியில் அவனுக்குப் பின்னால் நானும் ஏறினேன்.

அவர் கதவைத் திறந்து, தொன்னையை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுகணம் அறைக்குள் போய்க் கைப்பேசியை எடுத்துவந்தார். திரையில் ஏழெட்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று, உறக்கம் கலையாத கண்ணோடு. அது என் பேரனைக் கண்டதும் சட்டென்று பின்வாங்கி, ஒடியாவில் ஏதோ கேட்டது. என்ன கேட்கிறாள் என்று பேரன் வினவினான். அவர் தமக்குத் தெரிந்த தமிழில், "அவன் யாரு, நல்ல பையனா, கேக்குறா" என்றார்.